செகண்டு

அந்த வருஷம் மே மாதம் விருத்தாசலத்தில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எப்ப பாப்பா ஊருக்கு?" ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டார்கள். பால் ஊற்ற வந்தவர் கேட்டார். பழமலைநாதர் கோயிலில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் என் கன்னத்தைக் கிள்ளி அதையே கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் பிராகாரம் சுற்றப் போய்விட்டாள். எனக்கு இந்தக் கேள்வி பிடிபடவே இல்லை. மஸ்கட்டில் எங்கள் வீட்டில் ஊர் என்றால் விருத்தாசலம். ஊரில் மழையாம், ஊரிலிருந்து போன் வந்தது, ஊருக்குப் போனதும் தோடு மாற்ற வேண்டும் என்று அம்மா வருஷம் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பாள். விமானம் ஏறி அந்த ஊருக்கே வந்து இறங்கினால், ஊர் என்ற வார்த்தை நைசாக நழுவி மஸ்கட்டுக்குப் போய்விட்டது. நாம் எங்கே இருக்கிறோமோ அது ஊர் இல்லை, இன்னொன்றுதான் ஊர் என்று ஏழு வயதில் நானே ஒரு விதி கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்த விதி பொய்த்ததாகச் சொல்ல முடியாது.

நான் பிறந்தது மஸ்கட்டில். அப்பாவுக்கு அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை. அந்த வருஷம் கம்பெனி அவரைப் பாலைவனத்துக்குள் இருந்த ஒரு சைட்டுக்கு இரண்டு மாதம் அனுப்பியது. அதனால் மார்ச் பரீட்சை முடிந்ததும் அம்மாவையும் அக்காவையும் என்னையும் விமானம் ஏற்றிவிட்டார். அம்மாவுக்கு அது பிறந்த ஊருக்குத் திரும்புவது. எனக்கு அது சந்தேகமில்லாத வெளிநாட்டுப் பயணம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தேன், கொசுக்கடிக்கு மருந்து போட்டுக்கொண்டேன், கண்ணில் பட்டதையெல்லாம் இது என்ன என்று கேட்டேன். தமிழ் பேசுவேன், படிக்கத் தெரியாது. அக்காவை அம்மா உட்காரவைத்து அ, ஆ எல்லாம் எழுதப் பழக்கியிருந்தாள். என் முறை வந்தபோது அம்மாவுக்கு அலுத்துவிட்டது. இரண்டாவதாகப் பிறந்தவர்களுக்கு இது புரியும்.

இரண்டாவது என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மஸ்கட்டில் எங்கள் பில்டிங்குக்குப் புதிதாக யாராவது குடிவந்தால் அம்மா எங்களை நிறுத்தி, "இவ ஃபர்ஸ்ட்டு, இது செகண்டு" என்று அறிமுகம் செய்வாள். அக்காவுக்கு 'இவ', எனக்கு 'இது'. கீழ்வீட்டு ஆன்ட்டி லிஃப்டில் பார்த்தால் "செகண்டு சாப்டாச்சா?" என்பாள். ஆகவே செகண்டு என்று எங்கே காதில் விழுந்தாலும் அது நான்தான் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

விருத்தாசலத்தில் நாங்கள் தங்கியது பெரியம்மா வீட்டில். அம்மாவின் அக்கா. பெரியப்பா செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் சூப்பர்வைசர். கப்பு, ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் கட்டை எல்லாம் அங்கே செய்வார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் அந்த வீட்டில் என்ன செய்தாலும் திட்டு விழாது. விளக்கெண்ணெய் ஒன்றுதான் ஆபத்து. பிரயாணத்துக்கு முன்னால் பிள்ளைகளுக்கு வயிறு சுத்தமாக இருக்க வேண்டும் என்று பெரியம்மாவுக்கு அசைக்க முடியாத ஒரு கொள்கை.

கிளம்ப எட்டு நாளோ ஒன்பது நாளோ இருந்தது. பெரியம்மா விளக்கெண்ணெய்க் கரண்டியோடு என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் கூடத்துக் கட்டிலுக்கடியில் படுத்திருந்தேன். தேடித் தோற்றுப்போய் அவள் அதே கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் அம்மா. எனக்கு இரண்டு ஜோடிப் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"விட்டுட்டுப் போவணும்னு நெனச்சாலே தூக்கம் வரலக்கா" என்றாள் அம்மா.

"நான் என்ன காட்டுலயா வெச்சிக்கப் போறேன்? எம் பொண்ணு மாதிரி பாத்துக்க மாட்டனா?"

அம்மா மூக்கை உறிஞ்சினாள். அப்போது செருப்பைக் கழற்றிவிட்டு மூன்றாவது ஜோடிப் பாதம் உள்ளே வந்தது. பெரியப்பா. மேசைமேல் எதையோ வைத்தார். என்ன வைத்தார் என்று கட்டிலுக்கடியிலிருந்து தெரியவில்லை. வைக்கோல் சரசரத்தது. பெரியம்மா எழுந்துபோய்ப் பார்த்தாள்.

"என்னங்க இது? செகண்டு!"

"ஒரு புள்ளிதான் இருக்குது. யாரு கண்ணுக்குத் தெரியப் போவுது?" என்றார் பெரியப்பா.

"அதெல்லாம் வேணாம். செகண்டு இங்கயே கெடக்கட்டும். ஊருக்கு நல்லதா எடுத்துட்டுப் போவட்டும். நாலு பேரு பாக்குற எடம்."

அம்மா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ சொன்னா சரிதான்க்கா" என்றாள். நானாகவே கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்து விளக்கெண்ணெயை வாங்கிக் குடித்தேன். பெரியம்மா ஆச்சரியப்பட்டு அம்மாவைப் பார்த்தாள். இனி இந்த வீட்டில்தான் இருக்கப் போகிறோம், பெரியம்மாவைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் நினைத்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

சந்தேகம் வந்துவிட்டால் சாட்சிகளுக்குப் பஞ்சமே இருக்காது. மறுநாள் சாயங்காலம் அக்காவைக் கடைவீதித் தையல்காரரிடம் கூட்டிப்போனார்கள். நானும் கூடப் போனேன். அக்காவுக்குத் தோள், கை, இடுப்பு என்று எல்லாம் அளந்து எழுதிக்கொண்டார். நீலமும் வெள்ளையுமாகத் துணி. ஒரே மாதிரி இரண்டு செட் சுடிதார். நான் என் கையைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். அம்மா என்னைப் பின்னுக்கு இழுத்தாள்.

"ஒனக்கு எதுக்கு இப்ப? இருக்கறதே போதும்."

விமானத்தில் போகிறவளுக்குப் புதுத் துணி, இங்கே கிடக்கப் போகிறவளுக்கு இருப்பதே போதும். இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? விமானத்துக்கு ஏன் ஒரே நிறத்தில் இரண்டு செட் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வரும்போது மூன்று சூட்கேஸ். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதில் ஒன்று காலியாகிப் பரண்மேல் ஏறியிருந்தது. மூன்று பேருக்கு மூன்று, இப்போது இரண்டு. கழித்தல் கணக்கு எனக்கு நன்றாகவே வரும்.

அதற்கு மறுநாள் காலையில் அம்மாவும் பெரியம்மாவும் அக்காவை மட்டும் அழைத்துக்கொண்டு "ஒரு வேலையா" வெளியே போனார்கள். என்னைப் பெரியப்பாவோடு யூனிட்டுக்கு அனுப்பினார்கள். பெரியப்பாவின் மொபெட் அப்போதுதான் திரும்பக் கிடைத்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அது பஸ் ஸ்டாண்டில் காணாமல் போனது. அவர் போலீஸில் ஒரு தடவை புகார் எழுதிக் கொடுத்தார். பிறகு கொளஞ்சியப்பர் கோயிலில் முருகனிடம் ஒரு தடவை எழுதிக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் அதைப் பிராது கட்டுவது என்பார்கள். குறையைக் காகிதத்தில் எழுதிச் சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட வேண்டும். வண்டி ஒரு நாள் ஜங்ஷன் பின்னால் கேட்பாரில்லாமல் நின்றிருந்தது. எந்தப் புகார் வேலை செய்தது என்பதில் பெரியப்பாவுக்குக் குழப்பமே இல்லை. காரியம் முடிந்தால் கோயிலுக்குப் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும், அதற்கு ராஜினாமா என்று பேர், வெள்ளிக்கிழமை எல்லாரும் போகிறோம் என்று வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னார். நான் பின்னால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, எழுதிக் கொடுத்தால் தொலைந்ததுகூட வருமா என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

யூனிட்டில் சூளைப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லி, என்னை ஒரு ஷெட்டில் உட்காரவைத்தார். அங்கே ஒரு அக்கா தரையில் உட்கார்ந்து கப்புகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கப்பையும் எடுத்து, திருப்பி அடியைப் பார்த்து, விரல் முட்டியால் ஒரு தட்டு. பிறகு வலது பக்கமோ இடது பக்கமோ வைப்பார். அவர் கை அவர் பேச்சைக் கவனிக்கவே இல்லை, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்குத் தட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"இது பாரு, ணங்குனு சொல்லுதா? நல்ல பீஸு. இது கேளு. டொக்குங்குது. உள்ள விரிசல் இருக்குது."

வாங்கிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. "ஒண்ணுமே தெரியலையே."

"கண்ணுக்குத் தெரிஞ்சா தட்டிப் பாக்கறது எதுக்கு பாப்பா?" என்று சிரித்தார். பிறகு வேறொரு கப்பைக் காட்டினார். பக்கவாட்டில் கடுகளவு கறுப்புப் புள்ளி. "இது ஒடையாது, நல்லா ஒழைக்கும். ஆனா புள்ளி வுழுந்துடுச்சி. இது செகண்டு."

கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தேன். "செகண்டுன்னா?"

"கொற உள்ளது. வெளியூருக்கு அனுப்ப மாட்டாங்க. இங்கயே பஸ்டாண்டு பக்கம் கொட்டி வெச்சி வித்துடுவாங்க."

இந்த இடத்தில் புத்தியுள்ள குழந்தையாக இருந்தால், அன்று மேசைமேல் இருந்தது கப்புகள், பேச்சு கப்புகளைப் பற்றியது என்று தெரிந்துகொண்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருக்கும். எனக்குத் தெரிந்தது வேறு. இத்தனை நாளும் செகண்டு என்றால் வெறும் வரிசை எண் என்று நினைத்திருந்தேன். அதற்கு உள்ளே இப்படி ஒரு அர்த்தம் இருந்திருக்கிறது. அம்மா மஸ்கட் முழுவதும் அதைச் சொல்லி என்னை அறிமுகப்படுத்தியிருக்கிறாள். இங்கே விட்டுவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை, பெரியம்மா வீடு இருக்கிறது. ஆனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் கொட்டி வைத்து விற்பார்களாமே. திரும்பி வரும்போது மொபெட் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது. பிளாட்பாரத்தில் ஜாடிகளும் பொம்மைகளும் வைக்கோலில் கிடந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று என்னை நானே சோதித்துப் பார்த்தேன். கழுத்தில் இடது பக்கம் ஒரு மச்சம். கடுகைவிடப் பெரியது. முன்பல் ஒன்று விழுந்து இன்னும் முளைக்கவில்லை. இடது கைச் சுண்டுவிரல் லேசாக உள்பக்கம் வளைந்திருந்தது. இத்தனை குறையோடு இத்தனை நாள் எப்படி என்னை வைத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் அப்போது ஆச்சரியமாக இருந்தது. மச்சத்தின்மேல் பெரியம்மாவின் பவுடரை அப்பினேன். அன்றிலிருந்து வாயை மூடியே சிரித்தேன். உள்ளே விரிசல் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. முட்டியால் நெற்றியில் தட்டிப் பார்த்தேன். டொக் என்றது. வேறு இடங்களிலும் தட்டிப் பார்த்தேன். எங்கே தட்டினாலும் டொக்தான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல பீஸ் வேண்டும்.

அக்கா மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, என்னோடு சண்டை போடவும் இல்லை. சண்டை போடாததைத்தான் நான் கவனித்திருந்தேன். அவள் குனிந்தபோது நெற்றியில் ஒரு தட்டு தட்டிக் காதைக் கொண்டுபோனேன்.

"என்னடி பண்ற?"

சொல்லிவிட்டேன். கட்டிலடியில் கேட்டது, தையல்காரர், பரண்மேல் சூட்கேஸ், புள்ளி, பஸ் ஸ்டாண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி அழுதேன். அக்கா முதலில் விழித்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துச் சிரித்து, துணிகளை மடியில் போட்டுக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு நிற்கவே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்து, அம்மாவின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அவ்வளவு வேடிக்கையாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

"லூசு" என்றாள், முகத்தை எடுக்காமலே. "ஒன்ன யாருடி விட்டுட்டுப் போவாங்க?"

"அம்மா அழுதாங்க. நானே கேட்டேன். விட்டுட்டுப் போகணும்னு சொன்னாங்க."

அவள் ஒரு துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். என்னிடம் சொல்லக் கூடாதென்று பெரியவர்கள் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. முன்கூட்டியே எனக்குத் தெரிந்தால் நான் தெருவையே கூட்டிவிடுவேன் என்று பயம். அவர்கள் பயந்தது நியாயம்தான்.

அப்போதுதான் பிராது யோசனையைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கொளஞ்சியப்பரிடம் எழுதிக் கட்டிவிட வேண்டும். எனக்குத் தமிழ் எழுத வராது. விருத்தாசலத்துச் சாமிக்கு இங்கிலீஷில் எழுதினால் புரியுமோ புரியாதோ. நீ எழுது என்றேன். அக்கா கீழே போய் ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்துப் பேனாவோடு வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள்.

"சொல்லு."

"சாமி, என்ன விட்டுட்டுப் போகக் கூடாது" என்றேன். "நான் செகண்டு இல்ல. புள்ளி இருக்கு, ஆனா உள்ள விரிசல் இல்ல." கொஞ்சம் யோசித்தேன். சூட்கேஸ் இரண்டுதானே இருக்கிறது. சாமிக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும். "யாராவது ஒருத்தர் இருந்துதான் ஆகணும்னா, அக்கா இருக்கட்டும்."

இதை அவளிடமே சொல்ல எனக்குக் கூச்சமாக இல்லை. அவள் பெரியவள், எழுதப் படிக்கத் தெரிந்தவள், எங்கே விட்டாலும் வழி கேட்டுக்கொண்டு வந்துவிடுவாள் என்று எனக்கு அவளிடம் அவ்வளவு நம்பிக்கை. பேனா நின்றது.

"மூணாவதும் எழுதணுமா?"

"எழுது."

குனிந்து எழுதினாள். எட்டிப் பார்த்தேன். தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

"நான் எவ்ளோ சொன்னேன். இவ்ளோதானா?"

"தமிழ்ல சுருக்கமா எழுதலாம்டி" என்று சொல்லித் தாளை நான்காக, எட்டாக மடித்தாள். தமிழ் நல்ல மொழி என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஆட்டோவில் கோயிலுக்குப் போனோம். பெரியப்பா ராஜினாமா எழுதிக்கொண்டிருந்தார். அம்மாவும் பெரியம்மாவும் சந்நிதியில் கண்ணை மூடி வெகுநேரம் நின்றார்கள். நாங்கள் இருவரும் நழுவி முனியப்பர் பக்கம் போனோம். அங்கே எத்தனையோ பேருடைய காகிதங்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. முறைப்படி சாமி காலடியில் வைத்து வாங்காத பிராது எங்களுடையது. அக்கா எம்பி, சிவப்பு ரிப்பனால் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள். அது அவளுடைய ரிப்பன். நான் இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டேன். அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டாள். எனக்காக இவ்வளவு நேரம் கும்பிடுகிறாளே என்று அவள்மேல் எனக்கு அளவில்லாத பிரியம் வந்தது. வெளியே வந்ததும் என் பங்கு பொரி உருண்டையில் பாதியைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயில். சென்னைக்குப் போய் அங்கிருந்து விமானம். ஜங்ஷனுக்கு எல்லோரும் வந்தார்கள். நான் வீட்டிலிருந்தே அம்மாவின் புடவைத் தலைப்பை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தேன். ஆட்டோவில் ஏறும்போதும் விடவில்லை, பிளாட்பாரத்திலும் விடவில்லை. ரயில் வந்தது. பெரியப்பா சூட்கேஸ்களை ஏற்றினார். அம்மாவும் அக்காவும் ஏறினார்கள். அக்கா என்னைத் தூக்கி, தலைப்பை அவிழ்த்துவிட்டு ஜன்னலோரம் உட்காரவைத்தாள். எப்போதும் ஜன்னலுக்காக என்னைக் கிள்ளுகிறவள், அன்று தானாகவே விட்டுக்கொடுத்தாள். என் கழுத்தில் திட்டுத் திட்டாக இருந்த பவுடரைக் கையால் துடைத்துவிட்டாள்.

"புள்ளி நல்லாத்தான்டி இருக்கு" என்றாள்.

பிறகு அம்மாவிடம் போனாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. பெரியம்மா ஏறி வந்து, "வண்டி எடுத்துடுவான், வா கண்ணு" என்று சொல்லி அக்காவின் கையைப் பிடித்தாள். அக்கா இறங்கினாள். தண்ணீர் வாங்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ரயில் அசைந்தது. அக்கா ஜன்னலுக்கு வெளியே பெரியம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"போயிட்டு வாங்கம்மா" என்றாள். குரல் கணீரென்றுதான் இருந்தது.

அப்போது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை மாற்றிச் சொல்ல எனக்கு வழியில்லை. நான் உள்ளே இருக்கிறேன், ரயில் ஓடுகிறது. அதற்குப் பிறகுதான் அக்கா வெளியே இருக்கிறாள் என்பது உறைத்தது. உடனே காரணமும் தெரிந்துவிட்டது. மூன்றாவது வரி. சாமி அதை எடுத்துக்கொண்டுவிட்டது.

அம்மா முகத்தை மூடிக்கொண்டு விழுப்புரம் தாண்டியும் அழுதாள். நல்லதை விட்டுவிட்டுச் செகண்டைக் கூட்டிக்கொண்டு போகிறோமே என்று அழுகிறாள் என நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எங்களை மாற்றிக்கொண்டு விடுவாளோ என்று வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல், "அழாதம்மா, நான் நல்லா படிச்சு ஃபர்ஸ்ட்டு வரேன்" என்றேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள். வண்டியில் எல்லோரும் பார்த்தார்கள்.

அக்கா எட்டாவதிலிருந்து விருத்தாசலத்தில் படித்தால் பின்னால் காலேஜில் சேர்வது சுலபம் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்களாம். நாங்கள் மஸ்கட்டில் விமானம் ஏறுவதற்கு முன்பே அது முடிவாகிவிட்டது. நீலமும் வெள்ளையும் பள்ளிக்கூட யூனிஃபார்ம். அவர்கள் போன "ஒரு வேலை" அட்மிஷன். எல்லாம் மெதுவாக, ஒவ்வொன்றாகத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் பிராது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. முடிவு முன்பே ஆகியிருந்தால் என்ன, நான் சொன்னது சொன்னதுதானே? ஒவ்வொரு விடுமுறையிலும் ஊருக்கு வந்து, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகலாம் என்று பெரியப்பா சொன்னால் எனக்குச் சரியாக வயிற்றுவலி வந்துவிடும். போனால் ராஜினாமா கொடுக்க வேண்டும். கொடுத்தால் அக்கா மஸ்கட்டுக்கு வருவாள், அவள் இடத்தில் நான் இங்கே நிற்க வேண்டும். பத்து வயதுவரை இந்தப் பயம் இருந்தது. அதற்குப் பிறகு பயம் போய்க் குற்றவுணர்ச்சி வந்தது. அது லேசில் போகவில்லை.

போன வருஷம்தான் அக்காவிடம் கேட்டேன். அவள் காலேஜ் முடித்து, கல்யாணமாகி, விருத்தாசலத்திலேயே இருக்கிறாள். பெரியம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்ன மூணாவது வரியையும் நிஜமாவே எழுதினியாக்கா?"

அவள் பின்னலை நிறுத்தவில்லை. எந்த வரி, எந்தக் காகிதம் என்றும் கேட்கவில்லை.

"நீ சொன்னது எதையும் எழுதல" என்றாள்.

"அப்ப என்ன எழுதின?"

"ஒங்கிட்ட சொல்லி என்னடி ஆவப்போவுது? அந்தச் சாமியே கேக்கல."

மகளின் பின்னலில் ரிப்பனைச் சுற்றி முடிச்சுப் போட்டு, "போ, ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்று அனுப்பினாள். மாடிப்படியில் அவள் முழங்கால்மேல் இருந்த அந்தத் தாள் எனக்கு நினைவுக்கு வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் கண்ணெதிரில்தான் அவள் அதை எழுதினாள். எனக்கு அப்போது தமிழ் படிக்கத் தெரியாது.